பழைய திறமூல மென்பொருளுக்கு அடுத்த பராமரிப்பாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதினைந்து ஆண்டுகளாகத் தனியாளாகப் பராமரித்துவரும் மென்பொருளை யாரிடம் ஒப்படைப்பது, அது இனி எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். திசையை முடிவு செய்த பிறகுதான் ஆளைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. நான் அதைத் தலைகீழாகச் செய்து ஒன்றரை ஆண்டை வீணாக்கியவன்.

பழைய ஆவண வடிவங்களைப் புதியவையாக மாற்றும் ஒரு சிறு கருவியைப் பராமரித்து வந்தேன். 'பராமரிப்பாளர் தேவை' என்று மென்பொருளின் அறிமுகக் கோப்பான ரீட்மியின் உச்சியில் எழுதி வைத்தும் ஒருவரும் வரவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட வழுக்கள் (நிரல் பிழைகள்) தீர்க்கப்படாமல் கிடக்கும் இடத்தில், எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்றே தெரியாமல் யார் கையெழுத்திடுவார்கள்? பிறகு, கருவி இனி எதையெல்லாம் செய்யாது என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துபோன பைத்தான் 2 என்ற நிரல்மொழிப் பதிப்பையும், யாரும் பயன்படுத்தாத நான்கு கோப்பு வடிவங்களையும் கைவிட்டதில் வழுப்பட்டியல் பாதியாகக் குறைந்தது.

அதன்பின் பொது அறிவிப்பை நீக்கிவிட்டு, சில ஆண்டுகளாகத் தெளிவான வழு அறிக்கைகளும் அவ்வப்போது சிறு ஒட்டுகளும் (நிரல் திருத்தங்கள்) அனுப்பிவந்த ஒருவருக்கு நேரடியாக மடல் எழுதினேன். முழுப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டவில்லை. அடுத்த வெளியீட்டை மட்டும் செய்து தர முடியுமா என்றுதான் கேட்டேன். ஒப்புக்கொண்டவர் அன்று மாலையே திணறினார். வெளியீட்டு ஸ்கிரிப்டில் என் மடிக்கணினியின் கோப்புறை முகவரி அப்படியே எழுதப்பட்டிருந்தது; வெளியீடு உண்மையானதுதான் என்று உறுதிசெய்யும் கையொப்பச் சாவியும் என்னிடம் மட்டுமே இருந்தது. நான் இல்லாமல் ஒரு வெளியீடுகூட நடக்காது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஆள் தேடுவதற்கு முன்பே இந்த ஒத்திகையைப் பார்த்துவிடுங்கள்.

தானாக முன்வருபவரிடம் எச்சரிக்கை தேவை. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பின் ஆசிரியர், பராமரிக்க விரும்புவதாக மடல் எழுதிய அறிமுகமற்ற ஒருவருக்கு வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். அந்தப் புதியவர் சேர்த்த நிரல் ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்துத் திருட எழுதப்பட்டது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் கருவியின் விவகாரம் இன்னும் நுட்பமானது. வேலை மெதுவாக நடக்கிறது என்று போலிப் பெயர்களில் சிலர் களைத்துப்போன பராமரிப்பாளரை நெருக்க, பொறுமையாக ஒட்டுகள் அனுப்பி நம்பிக்கை பெற்ற ஒருவர் இணைப் பராமரிப்பாளராகி, 2024இல் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த பதிப்பை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமானதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால்தான் அது வெளிப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்தவரே இப்படிச் செய்திருப்பதால், பழைய பங்களிப்பு மட்டுமே போதிய சான்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியிடும் உரிமையை இருவரிடமாவது பிரித்துக் கொடுத்து, ஒருவரின் மாற்றத்தை மற்றவர் பார்த்த பிறகே சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தனியொருவரின் இறுதித் தீர்ப்பில் இயங்கிய பைத்தானே, அதை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் 2018இல் விலகிய பின் ஐவர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கு மாறியது.

ஒருவரும் கிடைக்காவிட்டால், நிரல் இருக்கும் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் கிடைக்கும்படி பூட்டிவிட்டு, எந்த மாற்றுக் கருவிக்குப் போகலாம் என்று எழுதி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை ஓய்வுபெற்ற திட்டங்களுக்கென்றே 'அட்டிக்' என்று தனி இடம் வைத்திருக்கிறது.

ஒப்படைக்கும்போது பலரும் மறப்பது நிரலுக்கு வெளியே இருப்பவற்றைத்தான்: தொகுப்பை வெளியிடும் கணக்கு, ஆவணங்கள் இருக்கும் தளம், டொமைன். என் கருவியின் டொமைன் இன்றும் என் பெயரில்தான் இருக்கிறது. புதுப்பிக்கும் மடல் வரும்போதெல்லாம் மாற்றித்தர வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.