இல்லாத படத்துக்கு இசை: புரோக்கருக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன். யாரும் எடுக்காத ஒரு படத்தை மனதில் வைத்து, அதன் பின்னணி இசை மாதிரி 42 நிமிட மிக்ஸ் ஒன்று செய்தேன். ரயில், மழை, கோயில் மணி எல்லாம் நானே பதிந்தவை. இடையில் பழைய சினிமாப் பாட்டுகள் இரண்டின் துண்டுகள் வரும். அதில் ஒன்று பாரதியார் பாட்டு. யூடியூப்பில் ஏற்றியதும் உரிமைக் கோரல் வந்துவிட்டது. ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், 35,000 ரூபா தந்தால் 'கொப்பிரைட் எடுத்துத் தருகிறேன்' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

அவர் எடுத்துத் தருவதாகச் சொல்லும் பொருளே இலங்கையில் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் ஒன்றை உருவாக்கியவுடனேயே அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அதைப் பதிய வேண்டியதில்லை. கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. வணிகக் குறிகளையும் கண்டுபிடிப்புகளையும் அங்கே பதியலாம், பாட்டைப் பதிய முடியாது. அப்படியிருக்க, முத்திரை குத்திய ஒரு கடதாசியை 35,000 ரூபாவுக்கு வாங்கி என்ன செய்வது? உங்கள் மிக்ஸில் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதால், அதற்குள் இருக்கும் அடுத்தவருடைய பாட்டு உங்களுடையதாகிவிடாது.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. 'எல்லாத் தளத்திலும் வெளியிட்டுத் தருகிறேன்' என்று உங்கள் ஒலிக்கோப்பை வாங்கி, பாட்டுகளை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தில் தங்கள் பெயரிலேயே ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் உங்கள் சனலில் போட்டால், உங்கள் மழைச் சத்தத்துக்கே உங்கள் மேல் கோரல் வரும். எனக்குத் தெரிந்த ஒரு பெடியனுக்கு இப்படி நடந்தது. ஆறு மாதம் மின்னஞ்சல் எழுதிக் களைத்து, கடைசியில் இசை வேலையையே விட்டுவிட்டான். நல்ல காது உள்ள பிள்ளை. ஆகவே மூலக்கோப்பை, அதாவது ஒவ்வொரு ஒலியும் தனித்தனித் தடமாக இருக்கும் கோப்பை, யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சரி, வந்திருக்கும் கோரலுக்கு வருவோம். பயப்பட ஒன்றுமில்லை. கோரல் வேறு, 'ஸ்ட்ரைக்' என்கிற எச்சரிக்கை வேறு. கோரல் என்றால் விளம்பரக் காசு பாட்டின் சொந்தக்காரருக்குப் போகும், அல்லது வீடியோ முடக்கப்படும், சனலுக்குச் சேதமில்லை. 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை வந்தால்தான் சனல் போகும். 30 செக்கனுக்குக் குறைவாக எடுத்தால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதியே கிடையாது. சுருதியைக் கொஞ்சம் ஏற்றிப் போடுவதும், கீழே 'உரிமை எனக்கில்லை' என்று எழுதுவதும் காப்பாற்றாது.

பாரதியார் பாட்டு பொதுச் சொத்துத்தானே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நிறையப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு பாட்டில் மூன்று அடுக்கு இருக்கிறது: சொல், மெட்டு, ஒலிப்பதிவு. பாரதியார் 1921இல் மறைந்தார். 1949இல் சென்னை அரசே அவருடைய எழுத்தின் உரிமையை வாங்கியது, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஆனால் பொதுவானது சொல் மட்டும். அந்தச் சினிமாவில் அதற்கு மெட்டுப் போட்டவர் வேறொருவர். நமது சட்டத்தில் அந்த உரிமை அவர் வாழ்நாளும், இறந்த பின் 70 ஆண்டும் நிற்கும். 1970இல் இறந்திருந்தால் 2040 முடியும் வரை. பதிவு மூன்றாவது ஆளுடையது. இசைத்தட்டு வெளிவந்து 50 ஆண்டு கழிந்தால் இங்கே பதிவின் உரிமை முடியும் என்பது உண்மைதான். ஆனால் மெட்டின் உரிமை அதோடு முடிவதில்லை, ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூப்பின் இயந்திரமும் இலங்கைச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கோரல் போடுவதில்லை. இதே பாரதியார் வரிகளுக்கு உங்கள் தங்கை சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடி, அதை நீங்கள் பதிந்தால் சொல் பொதுவானது, மற்ற இரண்டு அடுக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது எவரும் உரிமை கேட்க முடியாது.

முறைப்படி அனுமதி வாங்கலாமே என்பீர்கள். ஒரு பழைய பாட்டின் 50 செக்கனுக்காக நான் ஓர் இசை நிறுவனத்துக்கு மூன்று தடவை எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சின்னத் துண்டுக்கு நியாயமான காசு கட்டி அனுமதி வாங்க ஒரு நேர்வழி இருந்தால் இந்தப் புரோக்கர்களுக்குப் பிழைப்பே இருக்காது. நேர்மையாக நடக்க நினைப்பவனைத்தான் இந்த ஏற்பாடு அலைக்கழிக்கிறது. எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

நீங்கள் அனுப்பிய மிக்ஸை முழுதாகக் கேட்டேன். 11ஆவது நிமிடத்தில் வரும் சினிமாத் துண்டு, அதுவரை நீங்கள் கட்டிய படத்தை அழித்து வேறொரு படத்தை மனதில் கொண்டுவருகிறது. கேட்பவருக்கு அந்த நடிகரின் முகம்தான் தெரியும், உங்கள் கதாநாயகி தெரிய மாட்டாள். சட்டத்தை விடுங்கள், கதைக்கே அது ஆகவில்லை. பாரதியார் துண்டும் அப்படியே. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்துக்கு இணுவிலிலோ அளவெட்டியிலோ ஒரு நாதஸ்வர வித்துவானைப் பிடியுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனையில் சொல்லும் மெட்டும் பொதுவானவை. உங்கள் பதிவு உங்களுடையது. 35,000 ரூபாவில் ஒரு பகுதியை அவருக்கு மரியாதையாகக் கொடுங்கள். இன்ன வாசிப்பை இந்த மிக்ஸில் சேர்த்து இணையத்தில் வெளியிடச் சம்மதம் என்று திகதியோடு நாலு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வாசிப்பவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. திருவிழாவில் தூரத்தில் நின்று பதிந்ததை இந்தச் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது.

பதியும்போது அறைக்குள் வேண்டாம், முற்றத்தில் வையுங்கள். நாதஸ்வரத்துக்கு முன்னால் நாலு மீற்றர் தள்ளி மைக், பதிவுத் தரம் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். கருவியில் சத்த அளவு -12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சு இடைவெளியிலும் பின்னால் காகம் பெரிதாகக் கத்தும்.

பழைய வீடியோவில் கோப்பை மாற்ற முடியாது. அதை நீக்கிவிட்டு, புதியதைத் தனியாக ஏற்றுங்கள். சினிமாத் துண்டுகளுக்கு வந்த கோரலை எதிர்த்து எதையும் அழுத்த வேண்டாம். ஆனால் புதியதில் கீர்த்தனைக்குக் கோரல் வந்தால் கட்டாயம் எதிர்த்து எழுதுங்கள். ஒரே கீர்த்தனையை நூறு பேர் பதிந்திருப்பதால் இயந்திரம் குழம்பக்கூடும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. கையொப்பமிட்ட கடதாசியின் படமொன்றை மூலக்கோப்போடு வைத்திருங்கள்.

ரயில் போன பிறகு தகரக் கூரையில் மழை விழத் தொடங்கும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். அதில் ஒரு வீடு தெரிகிறது.