ஒவ்வொரு மரதனிலும் நேரம் குறைய வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

நெடுந்தூர ஓட்டம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை நேரத்தைக் குறைப்பது பற்றியே கேட்பதால், இம்முறை இப்பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது, வங்கியில் வேலை. ஒரு வருடத்துக்குள் ஐந்து முழு மரதன் ஓடிவிட்டேன். கொழும்பில் நடப்பவை போதாமல் சென்னைக்கும் போய் வந்தேன். முதலாவது 4 மணி 21 நிமிடம், இரண்டாவது 4 மணி 9 நிமிடம். அதன் பிறகு 4.16, 4.25, 4.33 என்று நேரம் ஏறிக்கொண்டே போகிறது. பயிற்சியைக் கூட்டியும் பயனில்லை. 4 மணித்தியாலத்துக்குள் ஓட வேண்டும் என்பதே ஆசை. அடுத்த போட்டிக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. என்ன செய்யட்டும்? (கல்லடி)

பதில்: பெயர் பதிந்து பணமும் கட்டிவிட்டீர்கள் என்றால் போய் ஓடுங்கள், ஆனால் நேரம் பார்க்கிற ஓட்டமாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அனுப்பியிருக்கும் திகதிகளின்படி முதல் இரண்டு ஓட்டங்களுக்கும் இடையில் ஏழு மாதம் இருந்திருக்கிறது. பின்னர் வந்த மூன்றும் ஆறு ஆறு கிழமை இடைவெளியில் வந்திருக்கின்றன. அந்த ஆறு கிழமையைக் கணக்குப் பாருங்கள். முழு மரதன் ஓடிய தசைகள் ஆறுவதற்குக் குறைந்தது இரண்டு கிழமை வேண்டும். நாலைந்து நாளில் படி இறங்க முடிகிறது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம், ஆனால் தசைச் சிதைவைக் காட்டும் நொதியங்கள் குருதியில் பல நாள் உயர்ந்தே நிற்கும். அடுத்த போட்டிக்கு முன்னர் பயிற்சியைக் குறைத்து உடலைத் தேற்ற இன்னும் இரண்டு கிழமை போய்விடும். மிஞ்சுகிற இரண்டு கிழமையில் புதிதாக எந்த வலுவும் சேராது. நீங்களோ அந்த இடைவெளிக்குள் பயிற்சியையும் கூட்டியிருக்கிறீர்கள். சேர்ந்தது களைப்பு மட்டுமே. 1974 ஆம் ஆண்டு கிறைஸ்ட்சேர்ச் பொதுநலவாய விளையாட்டு விழாவில், 41 வயதில், மரதனில் வெள்ளிப் பதக்கம் வென்ற நியூசிலாந்துக்காரர் ஜாக் பொஸ்டரின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது: ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்ற கணக்கில் கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். மரதன் 26 மைல் என்பதால் அது ஏறத்தாழ ஒரு மாதம்.

ஜப்பானின் யூக்கி கவாவுச்சி வருடத்துக்குப் பத்துக்கு மேல் ஓடினாரே என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தப் பெயரைச் சொல்லாமல் தொடர் மரதன்காரர்கள் யாரும் வாதத்தை முடிப்பதில்லை. சைத்தாமா மாநிலத்தில் முழுநேர அரச ஊழியராகப் பாடசாலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர் அவர். 2018 இல் குளிரும் மழையும் எதிர்காற்றுமாக இருந்த பொஸ்டன் மரதனை 2 மணி 15 நிமிடம் 58 செக்கனில் வென்றவரும் அவரே. ஆனால் அவருடைய காலப் பெறுதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2013 இல் சோல் நகரில் 2 மணி 8 நிமிடம் 14 செக்கன் ஓடினார். அதை முறியடித்து 2 மணி 7 நிமிடம் 27 செக்கன் ஓடியது 2021 இல், பிவா ஏரி மரதனில். இடையில் எட்டு வருடங்கள். அந்த எட்டு வருடத்தில் அவர் ஓடிய மரதன்கள் ஒன்றுகூடப் பழைய பெறுதியைத் தாண்டவில்லை, அதற்காக அவர் ஓடுவதை நிறுத்தவும் இல்லை. பல போட்டிகளை அவர் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார். அடிக்கடி ஓடுவதும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறைப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதற்கு, அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் கடைசி ஓட்டத்தில் இன்னொரு விடயமும் தெரிகிறது. முதல் பாதி 1 மணி 56 நிமிடம், இரண்டாம் பாதி 2 மணி 37 நிமிடம். 4 மணித்தியாலத்துக்குள் முடிக்க ஒரு கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 செக்கன் போதும். நீங்கள் 5 நிமிடம் 30 செக்கனில் புறப்பட்டு, கடைசியில் 7 நிமிடத்தையும் தாண்டி நடந்திருக்கிறீர்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 70 கலோரி செலவாகிறது. முழுத் தூரத்துக்கும் 3,000 கலோரிக்குச் சற்றுக் குறைவு. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசன் என்னும் மாச்சத்தாகச் சேமித்திருப்பதோ 2,000 கலோரி அளவுதான். மீதியைக் கொழுப்புத் தர வேண்டும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைக்கோசனையே அதிகம் எரிக்கும். 30 ஆவது கிலோமீற்றருக்குப் பிறகு கால் கல்லாகிப் போவதற்குப் பலருக்கும் இதுவே காரணம். முற்பகுதியில் கிலோமீற்றருக்கு மிச்சம் பிடித்த பதினொரு செக்கன்களுக்குப் பிற்பகுதியில் வட்டியும் முதலுமாகக் கட்டியிருக்கிறீர்கள். வங்கிக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, வரும் போட்டியின் முதல் பாதியை 2 மணி 10 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடுங்கள், மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து எடுத்துப் பழகுங்கள், பிறகு நான்கு மாதத்துக்கு எந்த முழு மரதனுக்கும் பெயர் கொடுக்காதீர்கள். 4 மணித்தியாலக் கனவை அதற்குப் பிறகு வருகிற ஒரே ஒரு போட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் எங்கள் ஊர் மரதனை, 10 கிலோமீற்றர், 44 நிமிடத்தில் ஓடி இரண்டாம் இடம் பெற்றேன். கிழமைக்கு மூன்று நாள் ஓடுவேன், மொத்தம் 25 கிலோமீற்றர் வரும். முழு மரதனை 3 மணி 15 நிமிடத்தில் ஓடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (களுவாஞ்சிகுடி)

பதில்: தம்பி, இரண்டாம் இடத்துக்கு வாழ்த்துகள். அமெரிக்கப் பொறியியலாளர் பீற் ரீகல் 1977 இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இன்றைக்கும் பயன்படுகிறது: தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். உங்கள் 44 நிமிடத்துக்கு அது தருவது 3 மணி 22 நிமிடம். நண்பர்களின் கணக்கு அங்கேயே ஏழு நிமிடம் பிசகுகிறது. அதோடு, நெடுந்தூரத்துக்கென்று முறையாகப் பயிற்சி செய்தவருக்கே அந்தச் சூத்திரம் பொருந்தும். கிழமைக்கு 25 கிலோமீற்றர் ஓடுகிறவருக்குப் பொருந்தாது. இன்னொன்று, விளையாட்டு விழாக்களின் பாதையை மோட்டார் சைக்கிள் மீற்றரில் அளப்பதே நம் ஊர் வழக்கம் என்பதால், அந்த 10 கிலோமீற்றர் ஒன்பதரையாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். மரதன் 42.195 கிலோமீற்றர், மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்கு ஓடிப் போவது போன்ற தூரம். முதலில் ஓர் அரை மரதன் ஓடுங்கள், கிழமைத் தூரத்தை மெல்ல 50 கிலோமீற்றருக்குக் கொண்டுவாருங்கள், முழு மரதனை அடுத்த வருடம் பார்ப்போம். முதல் மரதனில் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அது உங்கள் தனிப்பட்ட சிறந்த பெறுதிதான், அவசரம் எதற்கு?

கேள்வி: டொரொன்டோவில் இருக்கும் என் மச்சான் 3 மணி 40 நிமிடத்தில் ஓடுகிறார். அவரைவிட நான் கூடப் பயிற்சி செய்தும் 4 மணியைத் தாண்டிவிடுகிறது. எனக்கு 52 வயது, அவருக்கு 50. வயதுதான் காரணமா? இன்னொன்று, வழியில் இளநீர் மட்டும் குடித்தால் போதுமா? (ஆரையம்பதி)

பதில்: வயது அல்ல, காற்று. ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை ஆவியாவதுதான். 10 பாகை செல்சியஸ் அளவில் மரதன் நேரங்கள் மிகச் சிறப்பாக அமைகின்றன. நம் கரையோரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே 25 பாகையை அண்டி இருக்கும். வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்க, காற்றில் ஈரப்பதன் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைத்துச் சப்பாத்துக்குள் சொட்டுகிறது. குருதியின் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுவதால் இதயம் கூடுதலாக உழைக்க, கால் பின்தங்குகிறது. மச்சானை ஒரு மாசி மாதம் இங்கே வரச் சொல்லிக் கல்லடிப் பாலத்திலிருந்து உங்களோடு ஓட வையுங்கள், கணக்குத் தீர்ந்துவிடும். வயதைப் பற்றிய கவலைக்கு அதே டொரொன்டோவில் ஒரு மருந்து இருக்கிறது: எட் விட்லொக் என்பவர் 2004 இல், 73 வயதில், அங்கே 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் மரதன் ஓடினார்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு; வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். நீண்ட ஓட்டங்களில் ஒரு லீற்றர் தண்ணீரில், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனி ஒரு பைக்கற்றைக் கரைத்து எடுத்துச் செல்லுங்கள். அதையும் அளவு கடந்து குடிக்க வேண்டாம். 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 13 சதவீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து, புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடி வந்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. தாகத்துக்குக் குடியுங்கள். ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தராசில் ஏறிப் பாருங்கள். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். கூட ஓடுகிற ஒருவர் தள்ளாடி, பேச்சுக் குழறி, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னால், வண்டி தேடி ஓடுவதற்கு முன் நிழலில் கிடத்தி, கிடைக்கிற தண்ணீரையும் ஐஸையும் உடம்பு முழுவதும் ஊற்றுங்கள். வெப்பத் தாக்கில் முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வைத்தியசாலை.

கேள்வி: சேர், நோன்பு மாதம் முடிந்து ஐந்தாம் கிழமை ஒரு மரதன் வருகிறது. நோன்பு நாட்களில் பயிற்சியை விட்டால் என் நேரம் போய்விடுமா? (அக்கரைப்பற்று)

பதில்: போகாது. ஒரு மாதம் தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலும், வாரத்தில் ஓரிரு தடவை சற்று வேகமாக ஓடி வந்தால், சேர்த்த வலுவில் பெரும்பங்கு நிற்கும். நோன்பு துறப்பதற்கு முந்திய முக்கால் மணித்தியாலத்தில் மெல்லோட்டம். வேகமான ஓட்டத்தைத் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகு, தண்ணீர் குடிக்க வழியிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு முந்திய சஹர் உணவுக்குப் பின் நீண்ட தூரம் ஓடிவிட்டுப் பகல் முழுவதும் தண்ணீரின்றி இருப்பதை மட்டும் செய்ய வேண்டாம். ஆனால் ஐந்து கிழமையில் உங்கள் சிறந்த நேரத்தை முறியடிக்கும் நோக்கத்தை இந்த முறை கைவிடுங்கள். அந்தப் போட்டியைப் பெருநாள் மகிழ்ச்சியின் தொடர்ச்சியாக ஓடுங்கள்.

கேள்வி: போட்டிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் கடைசிப் பத்துக் கிலோமீற்றர் இலகுவாக இருக்கிறது. தவறா? (செங்கலடி)

பதில்: தவறு. டைக்குளோபினக், இபுபுரூபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைக்கின்றன. உடலில் நீர் வற்றி, சிதைந்த தசையின் கழிவும் சேர்ந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத கால், அன்றைக்கு ஓடக் கூடாத கால்.

கேள்வி: நான் 27 வயதுத் தாதி உத்தியோகத்தர். இரண்டு அரை மரதன்களில் நேரம் நன்றாகக் குறைந்தது. எடை குறைந்தால் இன்னும் வேகம் வரும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓரிடத்தில் தொட்டால் வலிக்கிறது. ஓட்டத்தைத் தொடரலாமா? (திருக்கோவில்)

பதில்: இல்லை, சகோதரி. இந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்தே நிறுத்துங்கள். விரல் நுனியளவு இடத்தில் எலும்பு வலிப்பது, அதில் நுண்ணிய முறிவு தொடங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். நான்கு மாதமாக மாதவிடாய் நின்றிருப்பதும் அதனோடு சேர்ந்ததாக இருக்கக்கூடும்: பயிற்சிக்குச் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாதபோது, உடல் முதலில் நிறுத்துகிற வேலைகளில் ஒன்று அது, ஈஸ்திரோஜன் குறைய எலும்பும் நலிகிறது. விளையாட்டில் ஏற்படும் இந்தச் சக்திக் குறைபாட்டைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. ஆரம்பத்தில் எடை குறைந்து வேகம் கூடுவதால், பயிற்றுவிப்பவர்களும் பாராட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. உங்கள் வைத்தியசாலையிலேயே மகப்பேற்று வைத்தியரையும் எலும்பு முறிவு வைத்தியரையும் பாருங்கள், இரும்புச்சத்தையும் சோதியுங்கள். இரவுச் சாப்பாட்டை இன்றே தொடங்குங்கள்: புட்டும் மீன் குழம்பும், பயறு, முட்டை, எது பிடிக்கிறதோ அது. மாதவிடாய் ஒழுங்காகி, எலும்பு ஆறும் வரை நீச்சலோ சைக்கிளோ கூட வைத்தியரிடம் கேட்ட பிறகுதான்.

கேள்வி: காபன் தகடு வைத்த சப்பாத்து வாங்கினால் எத்தனை நிமிடம் குறையும்? (கல்முனை)

பதில்: அந்த வகையில் முதலில் வந்த சப்பாத்தை 2017 இல் ஆய்வுகூடத்தில் வேகமான ஓட்டக்காரர்களிடம் சோதித்தபோது, சக்திச் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. அது சக்தியில் 4 சதவீதம். நேரத்தில் அவ்வளவு குறையாது, மெதுவாக ஓடுகிறவருக்குப் பயன் அதைவிடவும் குறைவு. உலக மெய்வல்லுநர் சம்மேளனம் வீதி ஓட்டச் சப்பாத்தின் அடிப்பகுதியின் தடிப்பை 40 மில்லிமீற்றருக்கும், தகட்டை ஒன்றுக்கும் மட்டுப்படுத்தியிருக்கிறது என்பதிலிருந்து அதில் ஏதோ இருக்கிறது என்று புரியும். ஆனால் அதன் நுரை விரைவில் தேய்ந்துவிடும், விலையோ சாதாரண சப்பாத்து மூன்று சோடியின் விலை. 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறவர் என்றால் அந்தப் பணத்தில் இரண்டு சோடி நல்ல பயிற்சிச் சப்பாத்து வாங்கி, மாறி மாறிப் போட்டு ஓடுங்கள். மிச்சத்தைக் கொழும்புப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.