'டர்ன் ஆஃப் இட்' ஏன் பிழையாகிறது?

ஆங்கிலம் அறிவோம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 'தி ஃபேன் இஸ் ஆன். ப்ளீஸ் டர்ன் ஆஃப் இட்' என்று எழுதியதை ஆசிரியர் தவறு என்று அடித்துவிட்டார். 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' சரி, 'லுக் ஆஃப்டர் இட்' என்பதும் சரி என்றால், இது மட்டும் எப்படித் தவறாகும்?
- வாசகி, விருதுநகர்

பதில்: ஆசிரியர் திருத்தியது சரியே. 'டர்ன் ஆஃப்' போல ஒரு வினையும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்து ஒரே பொருளைத் தரும் தொடரை 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதியில் செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் அதைச் சிறுசொல்லுக்குப் பின்னும் வைக்கலாம், முன்னும் வைக்கலாம். 'டர்ன் ஆஃப் தி ஃபேன்', 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' என்ற இரண்டுமே நல்ல ஆங்கிலந்தான். ஆனால் இட், ஹிம், ஹர், மீ, தெம் போன்ற பிரதிப்பெயர் வந்தால் அந்த உரிமை போய்விடுகிறது. அது வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவில் மட்டுமே நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்', 'பிக் தெம் அப்', 'த்ரோ இட் அவே', 'ரைட் இட் டவுன்'.

விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதால்தான் இது மாணவர் மனத்தில் நிற்பதில்லை என்பது என் கருத்து. ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தி பெரும்பாலும் கடைசியில் வரும். குரலின் அழுத்தமும் அங்கேதான் விழும். உங்கள் மகள் எழுதிய வாக்கியத்தில் மின்விசிறியைப் பற்றி முன்னரே பேசியாகிவிட்டது. ஆகவே 'இட்' என்பதில் புதிதாக ஒன்றுமில்லை. புதிய செய்தி 'ஆஃப்' என்பதில் இருக்கிறது. அதனால் கடைசி இடத்தை 'ஆஃப்' எடுத்துக்கொள்ள, 'இட்' அழுத்தமின்றி நடுவில் ஒடுங்கிவிடுகிறது. ஆங்கிலேயர் விரைவாகப் பேசும்போது மூன்று சொற்களும் 'டர்னிட்டாஃப்' என்று ஒரே சொல்லாகக் காதில் விழும். 'பிக் ஹிம் அப்' என்பதில் 'ஹ' ஒலியும் தேய்ந்து 'பிக்கிமப்' என்றாகிவிடும்.

இதே காரணம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. செயப்படுபொருள் நீண்டு, 'பயங்கரமாகச் சத்தம் போடும் அந்தப் பழைய மின்விசிறி' என்ற அளவுக்கு அடைமொழிகளோடு வந்தால், அதை 'டர்ன்' என்பதற்கும் 'ஆஃப்' என்பதற்கும் இடையில் வைத்து யாரும் பேசுவதில்லை. கனமானது கடைசிக்குப் போய்விடும். 'திஸ்', 'தட்' போன்ற சுட்டுச்சொற்களை அழுத்திச் சொல்லும்போதும் அவை பின்னால் வரக்கூடும். 'த்ரோ அவே திஸ், நாட் தட்' என்று கையால் காட்டிச் சொன்னால் அது பிழையன்று.

'லுக் ஆஃப்டர் இட்' வேறு வகை. அங்கே 'ஆஃப்டர்' ஒரு ப்ரெபோசிஷன். தனக்குரிய செயப்படுபொருளைத் தன் பின்னாலேயே வைத்துக்கொள்ளும். பெயர்ச்சொல் வந்தாலும் பிரதிப்பெயர் வந்தாலும் அந்த வரிசை மாறாது.

கேள்வி: அப்படியானால் எந்தத் தொடர் பிரியும், எந்தத் தொடர் பிரியாது என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொருளை மனப்பாடம் செய்யாமல் முடியாது. 1755-இல் வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்மொழியினருக்கு ஆங்கிலத்தில் பெருந்தொல்லை தருபவை இத்தகைய தொடர்கள்தாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரதிப்பெயரின் இடத்தை மட்டும் பட்டியல் இல்லாமலே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

முதலில் சிறுசொல்லைப் பாருங்கள். 'அவே', 'பேக்' ஆகியவை ப்ரெபோசிஷனாக வருவதில்லை; எனவே பிரதிப்பெயர் அவற்றுக்கு முன்னால் வரும். 'அட்', 'ஃபார்', 'வித்', 'ஃப்ரம்', 'இன்டு' ஆகியவை ப்ரெபோசிஷன்கள்; பிரதிப்பெயர் அவற்றுக்குப் பின்னால் வரும். குழப்பம் தருபவை இரண்டு வேடமும் போடும் ஆன், ஆஃப், ஓவர், த்ரூ, அப், டவுன் முதலியவைதாம். இவற்றுக்கு ஒரு சோதனை உண்டு: வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவில் இன்னொரு சொல்லை நுழைத்துப் பாருங்கள். 'ஐ லுக்ட் எவ்ரிவேர் ஃபார் இட்' என்பது இயல்பாக இருக்கிறது. 'டர்ன் க்விக்லி ஆஃப் தி ஃபேன்' என்பதை எவரும் சொல்லமாட்டார்கள். இடையில் சொல் நுழைய இடங்கொடுத்தால் அது ப்ரெபோசிஷன் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இடம் மாறினால் பொருளே மாறிவிடும் இணைகளும் இருக்கின்றன; இலக்கணத்தை விட இவைதாம் எனக்குச் சுவையானவை. 'லுக் இட் ஓவர்' என்றால் ஓர் ஆவணத்தை ஒருமுறை பார்வையிட்டுச் சரிபார்ப்பது. 'லுக் ஓவர் இட்' என்றால் சுவர் போன்ற ஒன்றின் மேலாக எட்டிப் பார்ப்பது. 'ஐ ஸா த்ரூ ஹிம்' என்றால் அவனுடைய நடிப்பு எனக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். 'திஸ் மனி வில் ஸீ ஹிம் த்ரூ' என்றால் இந்தப் பணத்தைக் கொண்டு அவன் நெருக்கடியைத் தாண்டிவிடுவான் என்று பொருள். 'கெட் ஓவர் இட்' என்பது ஒரு துயரத்திலிருந்து மீள்வது. 'கெட் இட் ஓவர் வித்' என்பது பிடிக்காத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலைப்பது.

அகராதியைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஆங்கிலம் கற்போருக்கான நல்ல அகராதிகளில் 'லுக் சம்திங் அப்', 'லுக் ஃபார் சம்திங்' என்று 'சம்திங்' எங்கே நிற்கிறது என்பதையே தலைப்புச் சொல்லில் காட்டியிருப்பார்கள். அது நடுவில் நின்றால் 'இட்' என்பதும் நடுவில் நிற்கும்.

கேள்வி: அலுவலகத்தில் 'ஐ ஹேவ் அட்டாச்ட் தி ஃபார்ம். ப்ளீஸ் ஃபில் இன் அண்ட் சென்ட் பேக்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். புரிகிறது, ஆனால் ஏதோ குறைகிறது என்றார் மேலாளர். என்ன குறை?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டு இடங்களிலும் 'இட்' விடுபட்டிருக்கிறது. 'ஃபில் இட் இன் அண்ட் சென்ட் இட் பேக்' என்று இருக்க வேண்டும். இது தமிழ் பேசுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை. 'படிவத்தை இணைத்திருக்கிறேன், நிரப்பி அனுப்புங்கள்' என்று தமிழில் எழுதினால் 'அதை' என்ற சொல் தேவையே இல்லை, போட்டால்கூட மிகையாகத் தோன்றும். ஆங்கிலமோ, சமையல் குறிப்பு, பொட்டல உறை போன்ற இடங்கள் தவிர, செயப்படுபொருளை இப்படி விட்டுவிடச் சம்மதிப்பதில்லை.

போதாததற்கு, 'ஸ்விட்ச் ஆஃப் பண்ணு', 'பிக்கப் பண்ணு' என்று இத்தொடர்களை உடைக்க முடியாத ஒற்றைச் சொற்களாகவே நாம் தமிழுக்குள் கொண்டுவந்துவிட்டோம். அப்படிப் பழகிய நாக்கு ஆங்கிலம் பேசும்போதும் 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதைப் பிரிக்கத் தயங்கி, 'இட்' என்பதை ஒன்று விட்டுவிடுகிறது, அல்லது வாலில் ஒட்டுகிறது. தொலைபேசியில் அன்றாடம் கேட்கும் 'ஐ வில் கால் பேக் யூ' என்பதும் இந்த வகைதான். 'கால் யூ பேக்' என்பதே சரி.

கேள்வி: 'புட் அப் வித்' போல மூன்று சொற்கள் சேர்ந்து வந்தால் பிரதிப்பெயரை எங்கே வைப்பது?
- வாசகி, காரைக்குடி

பதில்: கடைசியில். 'ஐ கான்ட் புட் அப் வித் ஹிம்', 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' என்று வரும். முடிவில் நிற்பது ப்ரெபோசிஷன் என்பதுதான் காரணம். இந்த வரிசையில் 'கோப் அப் வித் இட்' என்பதைச் சேர்த்துவிடாதீர்கள். இந்தியாவில் பரவலாக வழங்கினாலும் அங்கே 'அப்' தேவையில்லை. 'கோப் வித் இட்' என்றாலே போதும்.

சில தொடர்கள் இரண்டு செயப்படுபொருள்களை ஏற்கும். இணைப்பு கேட்டு 'வில் யூ புட் மீ த்ரூ டு ஹர்?' என்று சொல்லும்போது 'மீ' என்பது 'புட் த்ரூ' என்ற தொடருக்கு உரியதாகையால் நடுவில் வருகிறது. 'ஹர்' என்பது 'டு' என்ற ப்ரெபோசிஷனுக்கு உரியதாகையால் அதன் பின்னால் நிற்கிறது.