வாசகர் கேள்வி – பதில்: நிதி திரட்ட நடக்க விரும்பும் மகள்

கேள்வி: எங்கள் 9 வயது மகள், மீட்கப்பட்ட நாய்களையும் பூனைகளையும் பராமரிக்கும் காப்பகம் ஒன்றுக்காக 10 கிலோமீட்டர் நடந்து நிதி திரட்ட விரும்புகிறாள். தெரிந்தவர்களிடம் ‘ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு’ என்று வாக்குப் பெறுவது அவளுடைய திட்டம். அனுமதிக்கலாமா? பாதியில் களைத்து நின்றுவிட்டால் பணத்தை என்ன செய்வது?

பதில்: தாராளமாக அனுமதியுங்கள். வாயில்லா ஜீவன்களுக்காக ஒரு குழந்தை தானாக முன்வருவது சாதாரண விஷயம் அல்ல. ஆனால், முதலில் காப்பகத்தாரிடம் பேசி அவர்களுடைய சம்மதத்தைப் பெறுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் பணம் கேட்பது முறையல்ல. தவிர, இப்போதைய தேவை எது என்பதும் அவர்கள் சொன்னால்தான் தெரியும்.

தெருவிலிருந்து மீட்கப்படும் ஒரு நாய்க்குட்டிக்குக் குடற்புழு நீக்க மருந்து, பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசிகள், உரிய வயதில் ரேபிஸ் தடுப்பூசி, பின்னர் கருத்தடை அறுவை சிகிச்சை என்று செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். பார்வோ தொற்றிவிட்டாலோ, குட்டியைத் தனியே வைத்து, நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியையும் பேதியையும் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். இவற்றை மகளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். ‘விலங்குகளுக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘குட்டிகளுக்குத் தடுப்பூசி போட’ என்று அவள் தன் வாயால் சொன்னால் கொடுப்பவருக்கும் மனம் வரும். தேவைக்கு மேல் சேரும் பணம் மற்றப் பராமரிப்புக்குப் போகும் என்பதையும் வாக்குப் பெறும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

கிலோமீட்டர் கணக்கில் வாக்குப் பெறுவது பெரியவர்களுக்குப் பொருந்தலாம். 9 வயதுக் குழந்தைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காலில் கொப்புளம் வந்த பிறகும், இன்னும் ஒரு கிலோமீட்டர் நடந்தால் இன்னொரு குட்டிக்கு மருந்து கிடைக்குமே என்று அவள் வலியை மறைத்துக்கொண்டு நடப்பாள். இரக்கமுள்ள குழந்தைகள்தான் இப்படிச் செய்வார்கள். ஆகவே, ஒவ்வொருவரிடமும் மொத்தமாக ஒரு தொகையைக் கேளுங்கள்; ‘முழுத் தொலைவை முடிக்காவிட்டாலும் இத்தொகை காப்பகத்துக்கே சேரும்’ என்ற வரியைப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிட்டால், நீங்கள் அஞ்சும் சிக்கல் எழாது. ஏற்கெனவே கிலோமீட்டர் கணக்கில் யாரேனும் ஒப்புக்கொண்டிருந்தால், நடந்த தொலைவுக்கு உரியதை மட்டும் நடை முடிந்த பிறகு வாங்குங்கள்.

தொலைவையும் 5 கிலோமீட்டராகக் குறைத்துவிடலாம். இடையிடையே உட்கார்ந்து தண்ணீர் குடித்து நடந்தாலும் 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில வாரங்களுக்கு முன்பே 2 கிலோமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். அன்றைக்கென்று புதுச் செருப்போ ஷூவோ வேண்டாம், பழகியதே நல்லது.

பணத்தைப் பெரியவர் ஒருவரே கையாள வேண்டும். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு மகளைத் தனியே அனுப்பாதீர்கள். இணையத்தில் நிதி கேட்டால் பள்ளி, முகவரி, நடக்கும் பாதை, நேரம் எதையும் குறிப்பிடாதீர்கள். பதாகை, தின்பண்டச் செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். காப்பகம் தரும் ரசீதின் நகல், கொடுத்த ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: இத்தகைய நடைக்கு எங்கள் நாயையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: அதிகாலையில், குறைந்த தொலைவுக்கு என்றால் அழைத்துச் செல்லலாம். நம்மைப் போல உடல் முழுதும் வியர்த்து நாய் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் கடினம் என்பதால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புறப்படும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதங்களும் தாங்காது. காப்பகத்துக்கு அண்மையில் வந்த நாயைக் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். மிரண்டு கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும் நாயைத் திரும்பப் பிடிப்பது மிகவும் கடினம்.