பாலிஷ் மெஷின்: ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா?

கேள்வி: என்னுடையது கறுப்பு செடான், ஆறு வருட வண்டி. வெயிலில் நிறுத்தினால் பானெட்டில் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. கடைக்காரர் ரோட்டரி பாலிஷர் வாங்கச் சொல்கிறார். ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேட் (ஃபோம் வட்டு) மாட்டினாலே போதும் என்கிறார் நண்பர். எதைக் கேட்பது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கிரைண்டரை ஓரம் கட்டிவிடுங்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். வேகம் குறைக்கும் வசதி உள்ளவையும் பெரும்பாலும் 2,800-க்குக் கீழே இறங்குவதில்லை. ரோட்டரி பாலிஷரில் வேலை நடப்பதே 600 முதல் 2,000 சுற்றுக்குள்தான்.

கடைக்காரர் சொன்ன ரோட்டரி கெட்ட மெஷின் அல்ல. பேட் ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், சாண்டிங் போட்ட (உப்புத்தாள் தேய்த்த) பேனலைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் சூடு ஒரே இடத்தில் ஏறும். பேட் கொஞ்சம் சாய்ந்தாலும் அதன் விளிம்பு மட்டுமே பெயின்ட்டைத் தொட்டு வெட்டும். வேலை முடிந்தபின் கறுப்பு வண்டியில் வெயில் பட்டால் வில் வில்லாக ஒரு நிழல் ஓடும். டீடெய்லிங் கடைகளில் அதை ஹாலோகிராம் என்பார்கள். கீறலை எடுக்கப்போய்ப் புதுக்கீறல் வாங்கிய கதை. தினமும் மெஷின் பிடிக்கும் கைக்கு ரோட்டரி சரி. வருடத்துக்கு ஒரு தடவை சொந்த வண்டிக்கு மட்டும் என்றால் 15 மி.மீ. (பேட் அடிக்கும் வட்டத்தின் விட்டம்) டூயல் ஆக்‌ஷன், 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேட்டை ஒட்டும் தட்டு), 700 வாட்டுக்குக் குறையாத மோட்டார். இதில் பேட் சுழன்றுகொண்டே வட்டமும் அடிப்பதால் சூடு பரவிவிடும்.

மெஷினைவிடப் பெரிய விஷயம் பெயின்ட்டின் கனம். கம்பெனி பெயின்ட் மொத்தமே சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே உள்ள கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) 40, 50 மைக்ரான்தான். ஜெராக்ஸ் பேப்பரின் கனத்தில் பாதி. வெயிலைத் தாங்குவது அந்தப் பாதிதான். நகம் தட்டுகிற அளவு ஆழமான கீறலை முழுக்க எடுக்கப் பார்க்காதீர்கள். கதவு விளிம்பு, பானெட் மடிப்புக் கோடு இரண்டிலும் பெயின்ட் மெல்லிசு, மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேட்டில் வண்டியின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் கோட் போய்விட்டது. கிளியர் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு வண்டியில் நிறம் ஏறுவது சகஜம், பயப்பட வேண்டாம்.

கேள்வி: 15 மி.மீ. டூயல் ஆக்‌ஷன் வாங்கிவிட்டேன். பானெட்டில் நன்றாக ஓடும் பேட், கதவு வளைவில் சுற்றாமல் நின்றுவிடுகிறது. மெஷினில் கோளாறா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கோளாறு இல்லை, அதன் சுபாவமே அதுதான். பேட்டை மோட்டார் நேரடியாகச் சுற்றுவதில்லை. தாங்கியில் (பேரிங்) அது தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. வளைவில் ஒரு ஓரம் மட்டும் அழுந்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மிஞ்சும், கீறல் அப்படியே இருக்கும். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது. நின்றால் கை அழுத்தத்தைக் குறையுங்கள், மெஷினை வளைவுக்கு ஏற்பத் திருப்பிப் பேட்டைச் சமமாக வையுங்கள். அப்போதும் நின்றால் 3 அங்குல பேட், அதற்கேற்ற சின்ன பேக்கிங் பிளேட்டோடு.

ஓட்டும் முறை: இரண்டடிக்கு இரண்டடி இடம், பேட்டில் பட்டாணி அளவில் 4 சொட்டு பாலிஷ். வேகம் 1-ல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றி, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்துங்கள். ஒரு தடவை குறுக்கே, ஒரு தடவை நெடுக்கே, மொத்தம் 4 முதல் 6 தடவை. துடைத்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து இன்னொரு முறை துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும். ஒவ்வொரு இடம் முடிந்ததும் பேட்டைப் பிரஷ்ஷால் தட்டுங்கள்; அழுக்கேறிய பேட் வெட்டாது, சூடுதான் ஏற்றும். ஒரே பேட்டில் முழு வண்டியும் ஓட்டினால் நடுவில் ஃபோம் வெந்து வெல்க்ரோ பிய்ந்துவிடும். ஐந்தாறு பேட் வைத்து மாற்றுங்கள்.

முதலில் மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ் போட்டு ஓரிடத்தில் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் காம்பவுண்டுக்கு (அதிகமாக வெட்டும் பாலிஷ்) போகலாம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: 8 மி.மீ., 21 மி.மீ., ஃபோர்ஸ்டு ரொட்டேஷன் என்றெல்லாம் இருக்கிறதே?
– வாசகர், நெய்வேலி

பதில்: 21 மி.மீ. பெரிய எஸ்.யூ.வி.யின் கூரைக்கும் பானெட்டுக்கும் சுகம், வளைவில் சிரமம். 8 மி.மீ. வளைவில் அடங்கி ஓடும், பெரிய பேனலில் நேரம் பிடிக்கும். ஃபோர்ஸ்டு ரொட்டேஷனில் கியர் பேட்டைச் சுற்றுவதால் அழுத்தினாலும் நிற்காது. அதிர்வும் சூடும் அதிகம், பிளாஸ்டிக் பம்பரில் கவனம்.

கேள்வி: போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதில் வெள்ளைப் புள்ளிகள். பாலிஷ் போட்டால் போகுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நேராக மெஷினை எடுக்காதீர்கள். உப்பின் துகளும் கடற்கரை மணலும் பேட்டில் சிக்கினால் புதுக்கீறல்தான். நிழலில் வண்டியைக் கழுவி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து நனைத்த துணியை ஒரு நிமிடம் புள்ளிமேல் வைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மேலே படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடும். விரல் தடவினால் சொரசொரப்பு இருந்தால் கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) தேய்க்க வேண்டும். அதற்கும் போகாமல் பள்ளமாகத் தெரிகிற புள்ளிக்கு மட்டும் மெஷின். கை வைத்தால் சுடுகிற பேனலில் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சித்திரை வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள்.