குடல் ஆபரேஷனுக்குப் பிறகு டிரிப்ஸைச் சீக்கிரம் நிறுத்துவது ஏன்?

தருமபுரியில் அப்பாவுக்குக் குடலில் பெரிய ஆபரேஷன் முடிந்து, கஞ்சித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதுமே டிரிப்ஸை நிறுத்திவிட்டார்கள், தெம்பு எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், அது சரியான முறைதான்.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம் பக்கம் எல்லோரும் நம்புகிறோம். 5% குளுக்கோஸ் ஒரு லிட்டரில் சர்க்கரை வெறும் 50 கிராம்தான். தேவைக்கு மேல் ஏற்றினால் குடல் சுவரே நீர் கோத்து வீங்கும். குடல் அசைவு திரும்பத் தாமதமாகும், தையல் ஆறுவதும் சுணங்கும், நுரையீரலிலும் நீர் சேரலாம்.

அதற்காக ஆபரேஷன் அன்றே கஞ்சத்தனம் காட்டவும் கூடாது. 2018-இல் வெளியான, சுமார் 3,000 பேரிடம் நடந்த ஆய்வில், டிரிப்ஸ் திரவத்தை இறுக்கிப் பிடித்துக் குறைவாகப் பெற்ற நோயாளிகளில் 8.6% பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. தாராளமாகப் பெற்றவர்களில் 5% பேருக்குத்தான். அதனால்தான் அன்றைக்குச் சற்றுத் தாராளம், அப்புறம் வாய்வழி இறங்க இறங்கக் குறைப்பது.

கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையை நர்ஸ் அடிக்கடி குனிந்து பார்த்து எழுதுவார், கவனித்தீர்களா? 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி இறங்கினால் பொதுவாகப் போதும். அது குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.