பழைய சிந்தசைசர்களை (மின்சாரத்தில் சத்தம் உண்டாக்கும் கருவிகளை) வாங்கி விற்றுக்கொண்டே இருப்பது பண விரயம்தானா? ஒரு வருடம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு கீபோர்டு கிடக்கிறது, அதை வைத்துப் பேச்சும் நடக்கிறது என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் போன சித்திரையிலிருந்து இந்தச் சித்திரை வரை அதுதான் கதை.

முதலில் கணக்கு. 11 கருவி வாங்கினேன், 8 விற்றேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது. விற்றதில் மூன்றில்தான் லாபம். பார்சல் கூலி, ரிப்பேர் செலவு சேர்த்து அந்த எட்டில் கையை விட்டுப் போனது 14,300 ரூபாய். வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் எட்டுக் கருவியை மாதக்கணக்கில் வீட்டில் வைத்து வாசிக்க அந்தப் பணத்துக்கு யார் வாடகைக்குக் கொடுப்பார்கள்?

நான் திருச்சியில் கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா என்று 16 வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறவன். வேலை இல்லாமல் பொம்மை வாங்குகிறான் என்று நினைக்க வேண்டாம். ஒரு கருவி நமக்குச் சரிப்படுமா என்பது வீடியோ பார்த்தால் தெரியாது. கோர்க் மினிலாக் அருமையான சத்தம். ஆனால் 37 சின்னக் கட்டை, ஒரே நேரத்தில் நாலு சுரம்தான். இடது கையில் மூன்று சுரம் பிடித்து வலது கையில் இரண்டு வைத்தால் முதலில் பிடித்தது அறுந்துவிடும். இரண்டு மாதத்தில் கொடுத்துவிட்டேன். 1994இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080, கட்டை இல்லாத சத்தப் பெட்டி ஒன்று வாங்கினேன். அது ஜப்பானில் விற்ற மாடல், 100 வோல்ட். விற்றவர் அதைச் சொல்லவில்லை. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகிய இரண்டாவது நிமிடம் வார்னிஷ் கருகுகிற வாடை. டிரான்ஸ்பார்மர் போயிற்று. அவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. பின்பக்கம் வோல்டேஜ் என்ன எழுதியிருக்கிறது என்று படம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

இதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது, ஆறிவிடும். ஆறாதது ஒன்று இருக்கிறது. இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதே அதற்காகத்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெரியவர். எண்பதுகளின் கடைசியிலிருந்து ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விரல் மடங்கவில்லை என்று தன் யமஹா டிஎக்ஸ்7ஐ எனக்குக் கொடுத்தார். 1983இல் வந்து உலகம் முழுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கருவி அது. பிரபலமான கருவிதான், ஆனால் அதில் சொந்தமாகச் சத்தம் செய்வது லேசான காரியம் இல்லை. திருகுவதற்குக் குமிழே கிடையாது. சத்த அலையை உண்டாக்கும் ஆறு ஆபரேட்டர், அவற்றை இணைக்க 32 விதமான அல்காரிதம், எல்லாவற்றையும் ஒரு சின்னத் திரையில் ஒவ்வொரு எண்ணாக மாற்ற வேண்டும். பலரும் கம்பெனி கொடுத்த சத்தத்தோடு நிறுத்திக்கொண்டது அதனால்தான். அண்ணன் நிறுத்தவில்லை. உள்ளே இருந்த 32 இடத்திலும் அவர் செய்த சத்தம். பெட்டி மூடிக்குள் பழுப்பேறிய அட்டை ஒன்றை ஒட்டி, நீல மையில் வரிசையாக எழுதியிருந்தார்: 5 வீணை, 6 கோயில் மணி, 7 நாயனம், 8 நாயனம் (மேல் ஸ்தாயி), 9 மழை. "தம்பி, ஏழாம் நம்பர வாசிச்சுப் பாருங்க" என்றார். வாசித்தேன். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியில் காற்று பிடிக்கிற அந்த முதல் கரகரப்பு அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பேட்டரியை மாற்று என்று திரையில் வந்தது. உள்ளே போர்டில் பற்றவைத்த 3 வோல்ட் பேட்டரி. அதுதான் அந்த 32 சத்தத்தையும் உயிரோடு வைத்திருப்பது. மாற்றுவதற்கு முன் மிடி கேபிள் போட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கியிருக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் பைட்டுகள்தான், சில விநாடி வேலை. கேபிள் பையில் இல்லை, மறுநாள் கச்சேரி. சால்டரிங் அயனைச் சூடாக்கிப் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். போட்டுப் பார்த்தால் பேர் இருந்த இடத்தில் ஏதேதோ குறிகள். ஏழாம் நம்பரில் வெறும் இரைச்சல்.

பத்து நாள் கழித்துத்தான் போன் செய்ய மனம் வந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "பரவால்ல தம்பி, எப்படிச் செஞ்சேன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல" என்றார். அடுத்த வாரம் பார்சலில் ஒரு கேசட் வந்தது. 1991 என்று எழுதிய திருவிழாக் கச்சேரி.

லேப்டாப்பில் டிஎக்ஸ்7 இலவசமாகவே கிடைக்கிறதே என்று இங்கே எழுத வருபவர்களுக்கு: தெரியும், என்னிடமும் இருக்கிறது. அதில் அண்ணனுடைய நாயனம் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கீபோர்டு வந்துதான் வயலின்காரர், புல்லாங்குழல்காரர் பிழைப்பு போயிற்று என்று எந்த மேடைக்குப் போனாலும் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு அதே மேடையில் பென்டிரைவில் டிராக்கை ஓடவிட்டுப் பாடுகிறார்கள். எங்களைக் கூப்பிடுவதே பாதியாகக் குறைந்துவிட்டது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு சத்தத்துக்காக மாதக்கணக்கில் ராத்திரி கண் விழித்தவர்களை மிஷினை அமுக்குகிறவன் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். வாங்குங்கள், பிடிக்காவிட்டால் விற்றுவிடுங்கள், நோட்டில் மட்டும் எழுதி வையுங்கள். பழைய கருவி எதுவானாலும் ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் உள்ளே இருப்பதை இறக்கிவிடுங்கள். முந்தைய ஆளுக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

விற்காமல் வைத்திருக்கும் மூன்றில் டிஎக்ஸ்7 ஒன்று. நல்ல விலைக்கு இருவர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ராத்திரி கேசட்டைப் போட்டுக்கொண்டு ஏழாம் இடத்தில் அந்த நாயனத்தைத் திரும்பச் செய்து பார்க்கிறேன். ஒரு ஆபரேட்டரின் சத்தத்தை அதற்கே திருப்பிக் கொடுக்கும் பீட்பேக்கை அதன் உச்ச அளவான 7இல் வைத்தால் கரகரப்பு கொஞ்சம் கிட்டே வருகிறது. நீட்டிப் பிடிக்கும்போது குழைய வேண்டும், அது இன்னும் வரவில்லை.